தேடினால் வராத கடை

காலையில் கடைக்கு வந்ததும், ஷட்டரை முழுக்கத் தூக்குவதற்கு முன்பே, சக்கரக்கா கைபேசியை எடுத்துத் தன்னைத் தானே தேடுவாள். "சக்கரக்கா வீல்சேர் ரிப்பேர்" என்று ஒற்றை விரலால் தட்டுவாள். திரையில் அவள் முகமே வரும். நீலச் சட்டை, கையில் ஸ்பானர், மடியில் ஒரு பின்சக்கரம், பல் தெரிய ஒரு சிரிப்பு. படத்துக்குக் கீழே இருக்கும் முகவரி மட்டும் வேறு. அவள் சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்த பழைய கடையின் முகவரி.

"மூஞ்சி என்னுது, கடை அவரோடது" என்று முணுமுணுத்துக்கொண்டே ஷட்டரை மேலே தள்ளுவாள். அது போய் முட்டுகிற சத்தத்தில் பக்கத்துச் சலவைக்கடைக்காரர் வெளியே எட்டிப் பார்த்து, "இன்னைக்கும் உன் கடை வரலையா?" என்பார். அவள் உள்ளே போய் மேசையைத் துடைக்கத் தொடங்கிவிடுவாள்.

சக்கரக்கா என்பது அவளுக்கு வைத்த பெயர் அல்ல, ஒட்டிக்கொண்ட பெயர். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு, பிரசவமான அக்காவுக்குத் துணையாக வந்தவள் அவள். அக்காவின் கணவர் ஊன்றுகோல், கழிவறை நாற்காலி, வீல்சேர் எல்லாம் விற்கும் கடை வைத்திருந்தார். வீட்டில் அவர் மாமா, கடையில் முதலாளி. உடைந்த வீல்சேரோடு யாராவது வந்தால், "இதெல்லாம் ரிப்பேர் பண்ணி ஆகாதுங்க, புதுசு வாங்கிக்கோங்க" என்பதுதான் அவருடைய ஒரே பதில். இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு கடை ஓரத்தில் நின்ற மைத்துனி ஒருநாள், "பேரிங்தானே போயிருக்கு, அதை மட்டும் மாத்தினா போதாதா?" என்று வாயைக் கொடுத்தாள். அன்றைக்குப் பிடித்த ஸ்பானரை அப்புறம் அவள் கீழே வைக்கவே இல்லை.

கையால் தள்ளும் நாற்காலியில் தொடங்கி, பேட்டரியில் ஓடும் நாற்காலி வரை எல்லாம் அவள் கைக்கு வந்தது. எந்தப் பாகத்தையும் மாட்டுவதற்கு முன், நாற்காலியில் உட்காருகிறவரைப் பார்ப்பாள். இடது கை வலுவில்லாதவருக்குப் பிரேக்கை வலப்பக்கம் கொண்டுவருவாள். நாற்காலி தயாரானதும் தானே அதில் உட்கார்ந்து தெருமுனை வரை போய்த் திரும்புவாள். "எனக்கு இடிச்சா அவங்களுக்கும் இடிக்கும்" என்பாள். ஆட்கள் அவளைத் தேடித்தான் வந்தார்கள். முதலாளிக்கும் அது தெரியும். அதனால்தான் கடைக்கு வெப்சைட் செய்தபோது முகப்பில் அவள் படத்தைப் போட்டார். செய்து கொடுத்தது அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அவருடைய மகள், அதாவது அந்த இடுப்புக் குழந்தை. வீட்டில் எல்லோருக்கும் இன்றுவரை பாப்பா.

பழைய பேட்டரியைக் கழற்றினால் அதன் அடிப்பக்கத்தில் ஆணியால் ஒரு பெருக்கல் குறி கீறி வைப்பது சக்கரக்காவின் பழக்கம். தெரியாமல் யாரும் எடுத்து மறுபடி மாட்டிவிடக் கூடாது என்று. ஒருநாள் மாட்டுவதற்காகப் "புது" பேட்டரி ஒன்றைக் கையில் எடுத்தாள். பளபளவென்று புது ஸ்டிக்கர். திருப்பிப் பார்த்தாள். அடியில் அவள் கீறிய பெருக்கல் குறி.

"மாமா, இது என்ன?"

முதலாளி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சார்ஜ் ஏத்திப் பார்த்தேன், ஓடுது."

"எவ்வளவு தூரம் ஓடும்?"

"அது அவங்க ஓட்டுறதைப் பொறுத்தது. நீ மாட்டு."

"நடு ரோட்டுல நின்னுட்டா இறங்கித் தள்ளிட்டுப் போக அவங்களுக்குக் கால் இல்ல மாமா."

"உனக்குச் சோறு போட்ட கடை இது. சட்டம் பேசாதே."

கையுறையைக் கழற்றி மேசையில் போட்டாள். எத்தனை வருடமாகப் போட்ட சோறு என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டிருந்தால், எத்தனை வருடமாகச் செய்த வேலை என்றும் கேட்டிருப்பாள். எதையும் கேட்காமல் தன் கருவிப் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பில் போடும் மேசையில் உட்கார்ந்திருந்த அக்கா, "போகாதடி" என்று சொல்வாள் என எதிர்பார்த்தாள். அக்கா பில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

புதுக் கடை முன்பு யாரோ கார் நிறுத்திய கொட்டகை. ஒரு பக்கம் சலவைக்கடை, இன்னொரு பக்கம் கண்ணாடி அறுக்கும் கடை. உள்ளே ஒரு நீளமான மேசை, சுவரில் அளவு வாரியாகத் தொங்கும் டியூப்கள், வாசலில் அவள் கணவர் சிமெண்ட் போட்டுக் கொடுத்த சரிவுப் பாதை. பெரிய எழுத்தில் போர்டும் மாட்டினாள். ஆனால் வீல்சேர் உடைந்துபோனவர் தெருத்தெருவாகச் சுற்றிப் போர்டு படிக்க முடியாது. வீட்டுக்குள் இருந்தபடி போனில்தான் தேடுவார். தேடியவர்களுக்கெல்லாம் கிடைத்தது பழைய கடை. பழைய ஆட்களின் போன் நம்பர்களும் பழைய கடையின் போனிலேயே தங்கிவிட்டன.

பாப்பா இப்போது வெப்சைட் செய்து தரும் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். விடுமுறை நாளில் மடிக்கணினியோடு வந்து சித்திக்கும் ஒன்று செய்து கொடுத்தாள். முகப்பில் சூரியன் உதிக்கிற படம், அதன் மேல் பெரிய எழுத்தில் "தரம். நம்பிக்கை. சேவை."

"இந்தச் சூரியன் எதுக்குடி?"

"அழகா இருக்கும் சித்தி."

முகவரியை முழுதாக ஓர் எழுத்துப் பிசகாமல் அடித்தால் பக்கம் ஜம்மென்று திறந்தது. தேடினால் மட்டும் வரவில்லை. ஒரு வாரம் பொறுத்தாள். இன்னும் ஒரு வாரம் பொறுத்தாள். அவளுக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே அளவாகக் கொடுக்கப்பட்ட பொருள், அது தீர்ந்துபோனது. பாப்பாவைக் கடைக்கு வரச் சொன்னாள்.

"நீ செஞ்சது சரியாத்தான் இருக்கா? எங்கயாவது சுவிட்சு போடாம விட்டுட்டியா?"

"எல்லாம் பார்த்துட்டேன். புதுப் பக்கத்தை அதுல சேர்க்க நேரம் ஆகும் சித்தி."

"என்ன நேரம்? நான் தட்டின உடனே கண்ணிமைக்கிற நேரத்துல ஊர்ல இருக்குற அத்தனையையும் தேடிக் கொண்டுவந்து கொட்டுது. பக்கத்துத் தெருவுல இருக்குற என்னைக் கண்டுபிடிக்க மாசக்கணக்காகுமா?"

பாப்பா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நாம தட்டின பிறகு அது ஓடிப்போய்த் தேடுறதில்ல. முன்னாடியே படிச்சு ஒரு பட்டியல் போட்டு வச்சிருக்கு. அதுல இருந்துதான் எடுத்துக் கொடுக்குது. பட்டியல்ல நீங்க இல்லன்னா, அதைப் பொறுத்தவரை நீங்க இல்ல."

"பட்டியல்ல யாரு சேர்க்கணும்? அவன் நம்பரைக் கொடு."

"ஆள் இல்ல சித்தி, அது ஒரு புரோகிராம். ஒரு பக்கத்தைப் படிக்கும், அதுல இருக்குற லிங்க்கைப் பிடிச்சு அடுத்த பக்கத்துக்குப் போகும். அங்கிருந்து அடுத்தது. இப்படியே ஊர் சுத்திக்கிட்டே இருக்கும். நம்ம பக்கத்துக்கு எந்தப் பக்கத்துல இருந்தும் லிங்க் இல்ல. அதனால அது தானா வராது. நானே போய், இப்படி ஒரு பக்கம் இருக்குன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"சொன்னதுக்கு என்ன சொன்னான்?"

"ஆள் இல்லன்னு சொன்னேனே."

"சரி, என்ன சொல்லுச்சு?"

பாப்பா மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். "கண்டறியப்பட்டது. இன்னும் சேர்க்கப்படவில்லை" என்று இருந்தது. சக்கரக்கா அதை வாய்விட்டுப் படித்தாள். இரண்டாவது தடவை படித்தபோது குரல் ஏறிவிட்டது.

"கண்டுபிடிச்சாச்சாம், சேர்க்கலையாம்! கதவைத் தட்டினவளை ஜன்னல் வழியா பார்த்துட்டு லைட்டை அணைக்கிற மாதிரி இல்ல இருக்கு? என்ன காரணம்னாவது சொல்லுதா?"

"சொல்லாது. தினமும் கோடிக்கணக்குல புதுசா பக்கம் முளைக்குது சித்தி. அதுல பாதி ஏமாத்து வேலை. அதனால புதுசா வர்றதை உடனே தலையில தூக்கி வச்சுக்காது. முதல்ல வந்து பார்க்கும், அப்புறம் சேர்க்கலாமான்னு யோசிக்கும். சேர்த்தாலும் வரிசையில கடைசியில நிறுத்தும். சில பேருக்குச் சில நாள்ல வந்துடும், சில பேருக்கு மாசம் ஆகும். பழைய பக்கத்தைத்தான் அதிகமா நம்பும்."

"ஏமாத்துறவங்களை நம்பாது. அப்படித்தானே?"

"ஆமா."

"உங்க அப்பாவை நம்புதே!"

பாப்பாவின் முகம் சுருங்கியது. மடிக்கணினியை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள். அவள் தலை மறைந்த பிறகுதான், சொல்லியிருக்க வேண்டாம் என்று சக்கரக்காவுக்குத் தோன்றியது. உடனே, ஏன் சொல்லக் கூடாது என்றும் தோன்றியது.

அவள் கணவர் நகரப் பேருந்து ஓட்டுபவர். "பேசாம என் பஸ்ஸுக்குப் பின்னாடி எழுதி ஒட்டிடலாமா?" என்று சாப்பிடும்போது சிரித்தார். அவள் முறைத்த முறைப்பில் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்துபோனார். அந்த வாரமே ஒருவன் போன் செய்தான். குரலில் தேன் வடிந்தது. "மேடம், உங்க வெப்சைட்டை நாளைக்கே முதல் பக்கத்துல முதல் இடத்துல கொண்டுவந்து நிறுத்துறோம். உத்தரவாதம் மேடம்."

"அப்படியா? இப்ப என் கடையைத் தேடி, வருதான்னு பாருங்க."

அவன் தட்டும் சத்தம் கேட்டது. "வருதே மேடம். அழகா சிரிச்சுக்கிட்டு நிக்கிறீங்களே!"

போனை எறியாமல் இருக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

இப்படியே போயிருந்தால் அவள் தன் வயிற்றெரிச்சலைத் தானே விழுங்கிக்கொண்டு கிடந்திருப்பாள். ஆனால் ஒருநாள் மத்தியானம் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. உள்ளேயிருந்து கணக்கு டீச்சரை நாற்காலியோடு இறக்கினார்கள். பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். ஊனமுற்றோர் சங்கம் ஒன்றையும் நடத்துகிறவர். பல வருடமாக சக்கரக்காதான் அவர் நாற்காலியைப் பார்த்துவந்தாள். வெயிலில் அவர் முகம் கன்றிப்போயிருந்தது. உதடு வெடித்திருந்தது.

"போர்டுல உன் பேரைப் பார்த்துத்தான் வேனை நிறுத்தச் சொன்னேன். இங்கயா இருக்கே?" என்றார் டீச்சர். "அங்க இருக்கன்னு இல்ல சொன்னாங்க!"

"யாரு சொன்னா?"

"பேட்டரி மாத்தணும்னு உன்னைத் தேடினேன். உன் போட்டோ வந்துச்சு, போன் பண்ணினேன். ஒரு பொம்பளை எடுத்தாங்க. 'சக்கரக்கா வேலையா வெளிய போயிருக்காங்க, வண்டியை அனுப்புங்க, அவங்களே மாட்டிடுவாங்க'ன்னாங்க. நானும் நம்பி அனுப்பினேன். நீ கைவச்சதுன்னு நெனச்சுத்தான் இன்னைக்குத் தனியா கிளம்பினேன். நாலு ரோடு சந்திப்புல நடுவுல போய் நின்னுடுச்சு. சிக்னல் மாறி மாறி விழுது. வண்டிக்காரன் ஒவ்வொருத்தனும் என்னைத் திட்டிட்டுப் போறான். என்னை! அரை மணி நேரமா நான் ரோட்டுல நட்டுவச்ச கல்லு மாதிரி..."

டீச்சர் நாற்காலிக் கைப்பிடியில் ஓங்கித் தட்டினார். "வகுப்புல ஒரு பையன் சத்தம் போட்டாக்கூட நான் பொறுத்துக்க மாட்டேன். இன்னைக்கு ஊரே சத்தம் போட்டுச்சு, நான் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

சக்கரக்கா அவரை உள்ளே கொண்டுபோய் மின்விசிறிக்குக் கீழே வேறொரு நாற்காலியில் உட்காரவைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். பிறகு பழைய நாற்காலியின் இருக்கையைத் தூக்கி, பேட்டரியை வெளியே இழுத்துத் திருப்பினாள். பெருக்கல் குறி. அவள் கையால் கீறியது.

"என்ன அது?" என்றார் டீச்சர்.

மறைக்காமல் சொன்னாள். தன் கடையிலிருந்த நல்ல பேட்டரியை மாட்டி, தெருமுனை வரை ஓட்டிப் பார்த்து, டீச்சரை வேனில் ஏற்றிவிட்டாள். கைகூடக் கழுவவில்லை. அந்தப் பேட்டரியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு நேராகப் பழைய கடைக்கு நடந்தாள்.

முதலாளி ஒரு குடும்பத்துக்குக் காற்றுமெத்தை காட்டிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் மேசைமேல் பேட்டரியை டம்மென்று வைத்தாள். மெத்தை பார்க்க வந்தவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள்.

"இதை யாரு மாட்டினா?"

"மெதுவா பேசு. ஆள் இருக்காங்க."

"ஆள் இருக்குறதாலதான் பேசுறேன். நான் இங்க இல்ல. நான் இருக்கேன்னு சொல்லி வண்டியை வாங்கி, நான் தூக்கிப்போட்ட பேட்டரியை மாட்டி, அவங்களை நடு ரோட்டுல நிறுத்தியிருக்கீங்க. அவங்க மேல லாரி ஏறியிருந்தா?"

"ஏறலையே!"

இந்த ஒரு சொல்லை அவள் பிறகு பல நாள் பலரிடம் சொன்னாள். ஒவ்வொரு முறையும் அதே சூட்டோடு சொன்னாள்.

"என் போட்டோவை எடுங்க மாமா. என் பேரை எடுங்க."

"அது கம்ப்யூட்டர்ல ஏறினது ஏறினதுதான். அதை இறக்க எனக்குத் தெரியாது" என்று முதலாளி சிரித்தார். பிறகு மெத்தைக்காரர்கள் பக்கம் திரும்பி, "சொந்தக்காரப் பொண்ணுதான். தனியா கடை போட்டிருக்கு. ஓடல. அந்தக் கடுப்பு" என்றார். மறுபடி இவளிடம், "எங்கம்மா இருக்கு உன் கடை? தேடினாக்கூட வரமாட்டேங்குதாமே! இன்டர்நெட்லயே இல்லாத கடையை எவன் நம்புவான்?"

அப்போதுதான் பில் மேசையைப் பார்த்தாள். அக்காவின் கைக்குப் பக்கத்தில் கடைப் போன் இருந்தது. எப்போதும் அங்கேதான் இருக்கும், எப்போதும் அக்காதான் எடுப்பாள். ஒரு பொம்பளை எடுத்தாங்க என்று டீச்சர் சொன்னது நினைவுக்கு வந்தது. அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். சக்கரக்கா பேட்டரியை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள்.

சாயங்காலம் பாப்பாவின் அலுவலக வாசலிலேயே போய் நின்றாள். வேலை முடிந்து படியிறங்கி வந்த பெண் சித்தியைப் பார்த்ததும் திகைத்துப் போனாள்.

"உங்க அப்பா வெப்சைட்டோட பாஸ்வேர்டு உன்கிட்டதானே இருக்கு? அழிச்சுடு. முழுசா. இப்பவே."

"சித்தி, என்ன ஆச்சு?"

நடந்ததைச் சொன்னாள். அக்கா போனில் பேசியதையும் சொன்னாள். பாப்பா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் இரண்டு கைகளாலும் முகத்தைத் தேய்த்தாள்.

"அழிக்க மாட்டேன் சித்தி."

"தெரியும்டி. அப்பன் பொண்ணு. என் பக்கம் வராம பார்த்துக்கிட்டதும் நீதான்னு..."

"போதும் சித்தி!" பாப்பா கத்தியதில் வாசற்காவலர் திரும்பிப் பார்த்தார். "உங்க மடியில வளர்ந்தேன்னு நீங்க என்ன வேணா சொல்லலாமா? உங்க பக்கத்துக்காக தினமும் நான் அதைத் திறந்து பார்த்துக்கிட்டு இருக்கேன். அது அப்பாவோட கடை. அவருக்குத் தெரியாம அழிச்சா, நானும் அவர் பண்ணின மாதிரிதான் பண்றேன். உங்க போட்டோ, உங்க பேர், அது உங்களோடது. அதை எடுப்பேன். அவர் முகத்துக்கு நேரா சொல்லிட்டு எடுப்பேன்."

சொன்னபடியே செய்தாள். அன்று வீட்டில் என்ன நடந்தது என்று அவள் முழுதாகச் சொல்லவில்லை. ஒரு பையில் துணிகளோடு மறுநாள் சித்தி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள் என்பது மட்டும் உண்மை.

சக்கரக்கா கைபேசியை எடுத்துத் தேடினாள். மறுபடி அதே நீலச் சட்டை, அதே சிரிப்பு, அதே பழைய முகவரி.

"எடுத்துட்டேன்னு சொன்னியே!"

"அங்க எடுத்தாச்சு. ஆனா பட்டியல்ல இருக்குறது பழைய பிரதி. அந்தப் புரோகிராம் திரும்ப அந்தப் பக்கத்துக்குப் போய்ப் பார்க்குற வரைக்கும் இதுதான் காட்டும். சீக்கிரம் வந்து பாருன்னு சொல்லியிருக்கேன்."

"இருக்குறவளை இல்லங்குது, இல்லாதவளை இருக்காங்குது. இது என்ன கருமம்டி!"

பாப்பா சிரித்துவிட்டாள். சித்தி சிரிக்கவில்லை. "சரி, என் பக்கத்தை ஏன் இன்னும் சேர்க்கல? நல்லா யோசிச்சுச் சொல்லு. உன் மேல தப்பு இருந்தாலும் சொல்லு."

பாப்பா சூரியன் உதிக்கிற அந்தப் பக்கத்தைத் திறந்து வெகுநேரம் பார்த்தாள். "இதுல ஒண்ணுமே இல்ல சித்தி" என்றாள் கடைசியில். "தரம், நம்பிக்கை, சேவை. இதேமாதிரி லட்சம் பக்கம் இருக்கு. அந்த எழுத்தையும் நான் படத்துக்குள்ளயே போட்டுட்டேன். அது வந்து பார்த்தாலும் படிக்க ஒண்ணும் இல்ல. இதைச் சேர்த்தா யாருக்கு என்ன லாபம்னு அது நெனச்சா, அதைக் குறை சொல்ல முடியாது."

"அப்ப எழுதுவோம். நீ அடி, நான் சொல்றேன்."

சமையலறை மேசையில் பாப்பா உட்கார, சக்கரக்கா அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நடந்துகொண்டே சொன்னாள். "பேட்டரி புதுசுன்னு சொன்னா நம்பாதீங்க. கழட்டச் சொல்லுங்க. எல்லாப் பக்கமும் திருப்பிப் பாருங்க. ஸ்டிக்கர் ஓரம் தூக்கியிருந்தா நகத்தால உரிச்சுப் பாருங்க. ஒயர் மாட்டுற முனையில ஸ்பானர் பட்ட தடம் இருந்தா அது ஏற்கெனவே ஒருத்தருக்கு ஓடினது. தயாரிச்ச தேதி எங்கன்னு கேளுங்க. முழுசா சார்ஜ் பண்ணிட்டு உங்க தெருவையே பலமுறை சுத்துங்க, வீட்டுப் பக்கத்துலயே சுத்துங்க. சார்ஜ் காட்டுற விளக்கு சீக்கிரம் இறங்கினா, அதைக் கொடுத்தவர் கடைக்கு முன்னாடி போய் நின்னு சத்தம் போடுங்க."

"சத்தம் போடுங்கன்னே அடிக்கவா?"

"அடி. பெரிய எழுத்துல அடி."

பிரேக் ஏன் வழுக்குகிறது, முன்சக்கரம் ஏன் உதறுகிறது, நாற்காலியை விமானத்தில் ஏற்றும்போது எதைக் கழற்ற வேண்டும், டியூப்பை எப்போது மாற்றலாம், எப்போது மாற்றத் தேவையில்லை என்று அடுக்கிக்கொண்டே போனாள். எந்தக் கடையின் பெயரையும் சொல்லவில்லை. சொல்லலாமா என்று கேட்டபோது பாப்பா தலையாட்டி மறுத்தாள். அன்று மட்டுமல்ல, அடுத்தடுத்த நாட்களிலும் சமையலறையில் இதே கச்சேரிதான். கோபம் வந்தால்தான் அவளுக்குச் சொல் வந்தது, கோபத்துக்கோ குறைவே இல்லை. சூரியனை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் பழுதான ஒரு பேரிங்கின் படத்தையும், அதற்குப் பக்கத்தில் நல்ல பேரிங்கின் படத்தையும் போட்டார்கள்.

டீச்சர் படித்துவிட்டுப் போன் செய்தார். "இதை எங்க சங்கத்துப் பக்கத்துல போடுறேன். உங்க பக்கத்துக்கு லிங்க்கும் கொடுக்குறேன். எங்களோடது ரொம்ப வருஷமா இருக்குற பக்கம். மூணு ஆஸ்பத்திரிக்காரங்க அதைப் பார்த்துத்தான் ஆளை அனுப்புறாங்க."

பாப்பா காதில் வாங்கிக்கொண்டு துள்ளிக் குதித்தாள். "வழி வந்துடுச்சு சித்தி! அந்தப் புரோகிராம் டீச்சரோட பக்கத்துக்கு அடிக்கடி போகும். போனா, அங்கிருந்து இங்க வரும்."

"எப்ப வரும்?"

"தெரியாது."

"தெரியாது, தெரியாது! இதுக்குப் படிச்சு ஒரு பட்டம் வேற!"

அதற்குப் பிறகும் காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது. ஷட்டர் தினமும் முட்டியது. சங்கத்தின் பக்கத்தைப் படித்துவிட்டு நேராகவே சிலர் வரத் தொடங்கியிருந்தார்கள் என்பதால் கைக்கு வேலை இருந்தது, நாக்குக்கும் ஓய்வில்லை. ஒரு காலையில் அவள் தேடியபோது நீலச் சட்டைப் படம் காணவில்லை. அதற்குச் சில நாள் கழித்து, கைபேசியைக் கீழே கீழே தள்ளிக்கொண்டே போனபோது, பொம்மைக் கடை ஒன்றுக்கும் சைக்கிள் கடை ஒன்றுக்கும் நடுவில், "பேட்டரி புதுசுன்னு சொன்னா நம்பாதீங்க" என்று அவள் சொன்ன வரி அப்படியே இருந்தது. கடையின் பெயர். இந்தத் தெருவின் பெயர்.

சலவைக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னைக்கு?" என்றார்.

"வந்துச்சு. பொம்மைக் கடைக்குக் கீழ வச்சிருக்கான்" என்று எரிந்து விழுந்தாள்.

பழைய கடை இன்னும் அவளுக்கு மேலேதான் இருந்தது. பல மாதம் இருந்தது. ஆனால் பேட்டரியைப் பற்றி யார் தேடினாலும் அவள் பக்கம் முன்னே வரத் தொடங்கியது. முன்பின் தெரியாத ஒருவர் முதன்முதலாகப் போன் செய்தார். அவருடைய அம்மாவின் நாற்காலிக்கு முன்சக்கரம் உதறுகிறதாம்.

"எங்க கடையை எப்படித் தெரியும்?"

"தேடினேன், வந்துச்சு."

எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறான் இந்த மனிதன் என்று அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. "கொண்டு வாங்க" என்று முகவரியைச் சொல்லி வைத்துவிட்டு, கையிலிருந்த சக்கரத்தை ஒருமுறை வேகமாகச் சுழற்றிவிட்டாள்.

மழைக்காலம் முடியும் சமயத்தில் அக்கா வந்தாள். சரிவுப் பாதையில் ஏறி வந்து, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றாள். பாப்பா அலுவலகம் போயிருந்தாள்.

"பாப்பாவைப் பார்க்க வந்தியா?"

"உன்னையும்தான்." அக்கா சுற்றிலும் பார்த்தாள். "நல்லா வச்சிருக்கே."

சக்கரக்கா ஒரு ஸ்போக்கை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"அவர் சொல்லச் சொன்னதைத்தான் சொன்னேன்டி. நீ திரும்பி வந்துடுவேன்னு நெனச்சேன். வந்துட்டா அது பொய்யாகாதுன்னு நெனச்சேன்."

"டீச்சர் ரோட்டுல நின்னப்ப அது பொய்தானே?"

அக்காவின் கண் நிறைந்தது. "மாமா இப்ப பழசு எதையும் மாட்டுறதில்ல. ஆள் வந்து திருப்பித் திருப்பிப் பார்க்குறாங்க, ஸ்டிக்கரை உரிக்கிறாங்க. அவரை மன்னிச்சிடேன்."

"மாட்டேன்."

"என்னை?"

சக்கரக்கா ஸ்பானரைக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தவில்லை. "என்கிட்ட ஏன் கேக்குறே? வெயில்ல நின்னது நானா? டீச்சர்கிட்ட போய்ச் சொல்லு. போன்ல பேசினது நான்தான்னு சொல்லு."

அக்கா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். போய்விடுவாள் என்றுதான் சக்கரக்கா நினைத்தாள். அக்கா போகவில்லை.

"அவங்க வீடு எங்க இருக்கு?"

வழியைச் சொன்னாள். கூட வருகிறேன் என்று சொல்லவில்லை. அக்கா மட்டும் தனியாக, மழைத் தண்ணீர் தேங்கிய தெருவில் ஓரம் பார்த்து நடந்து போனாள்.

சில நாள் கழித்து டீச்சர் டியூப் மாற்ற வந்தார். வேலை நடக்கும்போது, "உங்க அக்கா வந்தாங்க" என்றார். "நல்லா கேட்டுட்டேன். பள்ளிக்கூடத்துல ஒருத்தனைக்கூட அப்படித் திட்டினதில்ல. வாயே திறக்காம கேட்டுக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் டீ போட்டுக் கொடுத்து அனுப்பினேன்."

"டீ வேறயா?" என்றாள் சக்கரக்கா, காற்றடித்துக்கொண்டே.

"சர்க்கரை போடல" என்றார் டீச்சர்.